வாவிக்கரையின் பெயரறியாப் புலவர்

ஈழத்தின் கிழக்குக் கரையிலே, கடலுக்கு இணையாக வடக்குத் தெற்காக, 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றது மட்டக்களப்பு வாவி. அதன் கிழக்கே கடலோரமாக அமைந்த ஒடுங்கிய மணல்நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே விரிந்து கிடக்கும் வயல்நிலத்தைப் படுவான்கரை என்றும் அந்நாட்டார் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று; ஞாயிறு படும் கரை மற்றொன்று. ஊரைக் குறிப்பதற்கும் வானத்தையும் நீரையும் துணைக்கொண்ட மக்கள் அவர்கள். அவர்களுடைய பாட்டும் அந்த வானின் கீழ், அந்த நீரின் அருகே, வயல் வேலையோடு வேலையாகப் பிறந்தது. அப்பாடல்களை ஆக்கியோர் யாவர், அவர்மீது மக்கள் கொண்ட அன்பு எத்தகையது, அவ்வன்பு இன்று எந்நிலையில் உள்ளது என்பவற்றை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு நாடு என்று இங்கே கூறப்படுவது இன்றைய மட்டக்களப்பு மாவட்டம் மாத்திரமன்று. 1961ஆம் ஆண்டிலே தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட அம்பாறையின் கரையோர ஊர்களாகிய கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில் முதலியனவும் பேச்சாலும் வழக்கத்தாலும் பாட்டாலும் அந்நாட்டைச் சேர்ந்தனவே. எல்லைக்கோடு மாறியது, பாட்டு மாறவில்லை.

இந்நாட்டை மீன்பாடும் தேனாடு என்று புகழ்வது யாவரும் அறிந்ததே. நிலவு காயும் இரவிலே, கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருள் அமிழ்த்தி, மறு முனையிற் காதை வைத்தால், நரம்புக் கருவியை மெல்ல மீட்டினாற்போல ஓர் ஓசை கேட்கும் என்பர். 1848ஆம் ஆண்டிலே மட்டக்களப்புக்கு வந்த ஆங்கில அதிகாரி சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், இரவிலே தோணியிற் சென்று இவ்வோசையைக் கேட்டு, 1859இல் வெளியான தமது இலங்கை வரலாற்று நூலில் அதனை விரித்துரைத்தார். ஊரி என்னும் சிப்பியே இவ்வாறு ஒலிக்கின்றது என்பது அவர் கண்ட மீனவரின் கருத்து. 1950களில் லாங் அடிகளார் என்னும் யேசுசபைத் துறவி இவ்வொலியைக் கருவியிலே பதிவு செய்தார். காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரோ, இவ்வோசையை நீரரமகளிரின் இசையாகக் கண்டு கவிதை யாத்தார். பழந்தமிழரின் இசைக்கருவிகளை ஆராய்ந்து அவர் எழுதி, 1947இல் வெளிவந்த யாழ் நூலுக்கும், இளமையில் அவர் கேட்ட இவ்வாவியின் ஓசைக்கும் உள்ள உறவை அந்நாட்டார் இன்றும் பெருமையோடு பேசுவர்.

பாடும் மீனைப் பற்றி அறிஞர் எழுதினர், அதிகாரி எழுதினார், துறவியர் பதிந்தனர், பாடினர். ஆனால் அதே வாவியின் இரு கரையிலும் தலைமுறை தலைமுறையாகப் பாடிய மனிதரின் பெயரை எழுதி வைத்தவர் மிகச் சிலரே. மட்டக்களப்பு நாட்டுப் பாடல்களைக் கேட்டு மகிழ்வோர் பல்லாயிரவர். அவற்றைப் பாடியவர் இன்னார் என்று கூறவல்லார் எத்துணைபேர்?

பிற நாடுகளில் நாட்டுப்பாடல் வல்லோரை மக்கள் எவ்வாறு போற்றுகின்றனர் என்பதைச் சிறிது நோக்குவோம். ஸ்கொத்லாந்திலே அலோவே என்னும் சிற்றூரில் 1759ஆம் ஆண்டிற் பிறந்தவர் றொபேட் பேர்ன்ஸ் என்னும் உழவர்குலக் கவிஞர். அவர் பிறந்த கூரைவீட்டைக் காண்பதற்கு இன்றும் அன்பர் செல்கின்றனர். அவர் பாடிய ஆற்றங்கரையிலே நடக்கின்றனர். ஆண்டுதோறும் சனவரி 25ஆம் நாளில் அவர் நினைவாக விருந்து வைத்து அவர் பாடல்களைப் பாடுகின்றனர். ஊர்தோறும் வழங்கிய பெயரற்ற பழம்பாடல்களைத் தேடித் திருத்திப் பதிப்புக்குக் கொடுத்தவரும் அவரே. அங்கே கவிஞர்மீது கொண்ட அன்பு அவர் பிறந்த நிலத்தின்மீதும் படர்ந்தது.

மட்டக்களப்பிலே இந்நிலை தலைகீழாக அமைந்தது. சென்று காண்பதற்குக் கவிஞரின் வீடு ஒன்றுமில்லை. கொண்டாடுவதற்குப் பிறந்தநாளும் இல்லை. ஆதலின் மக்களின் அன்பு முழுவதும் பாடலிலே கூறப்படும் நிலத்தின்மீது சென்று தங்கியது. துறையும் தோணியும், பரணும் வாடியும், கண்டற்காடும் கொக்கும், களவெட்டியும் நெற்சூடுமே அவர்களுக்குக் கவிஞரின் நினைவிடங்களாயின. இதனை விளங்கிக் கொள்வதற்கு அப்பாடல்கள் எவ்வாறு பிறந்தன என்பதை அறிதல் வேண்டும்.

மட்டக்களப்பார் நெற்செய்கையையும் நெற்பயிரையும் வேளாண்மை என்ற சொல்லாலேயே குறிப்பர். எழுவான்கரையிலே வீடும் வளவும் உடையோர் பலருக்குப் படுவான்கரையிலே வயல் இருந்தது. விதைப்புக் காலத்திலே ஆடவர் துறையைக் கடந்து சென்று, வயலோரத்து வாடிகளிலே தங்குவர். பெருநிலம் உடையவர் போடியார் எனப்படுவர். அவருக்காக வயலைப் பொறுப்பேற்று நடத்துபவன் முல்லைக்காரன். பயிர் வளர்ந்து கதிர் முற்றும்வரையும் பன்றியும் யானையும் அணுகாதவாறு இரவெல்லாம் பரணிலே காவல் இருத்தல் வேண்டும். காவலிருப்போன் கண்ணயர்ந்தால் ஒரு போகத்தின் உழைப்பு ஓர் இரவிலே அழிந்துவிடும். உறக்கத்தை விரட்டவும், தனிமையைத் தணிக்கவும், அடுத்த பரணில் இருப்பவனுக்குத் தான் விழித்திருப்பதை அறிவிக்கவும் அவன் பாடினான். அப்பாட்டே கவி.

கவி என்பது பெரும்பாலும் நான்கு அடிகளால் ஆனது. மத்தளமும் தாளமும் அதற்கு வேண்டுவதில்லை. அடியின் இறுதியை நீட்டி இழுத்துப் பாடும் ஓசை வெட்டவெளிக்கு ஏற்ற ஓசை. நீரின்மேலும் வயலின்மேலும் நெடுந்தூரம் செல்லவல்லது. பொருளோ பெரும்பாலும் பிரிவும் காதலும். வீட்டிலே தனித்திருக்கும் மனைவி, துறைக்கு வந்து காத்து நிற்கும் கன்னி, சொன்ன நாளில் வாராத மச்சான், தூது செல்லவேண்டிய பறவை ஆகியோரே கவியின் மாந்தர். ஆண் ஒரு கவி சொல்லப் பெண் மறுகவி சொல்லும் முறையும் உண்டு.

இக்கவிகளிலே மச்சான், மச்சாள் என்னும் முறைப்பெயர்கள் இடையறாது வருவதற்கும் காரணம் உண்டு. அந்நாட்டிலே குடி என்னும் வழித்தோன்றல் தாய்வழியாக வருவது. மாமன் மகளும் அத்தை மகனும் மணத்திற்கு உரியவர்கள். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகச் செல்ல, மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆகவே மச்சான் என்று ஒரு பெண் அழைக்கும்போது, உறவும் உரிமையும் எதிர்கால வீடும் அவ்வொரு சொல்லிலே அடங்கிவிடுகின்றன. வெளியூரார் அதனைக் காதற்சொல்லாக மாத்திரம் கேட்பர். உள்ளூரார் அதிலே ஒரு வளவின் வேலியையும் கிணற்றையும் காண்பர்.

வேலைக்கு ஒரு பாட்டு என்பது வயலோடு முடிவதன்று. அறுவடை முடிந்து, சூடு வைத்து, களவெட்டியிலே எருமைகளைப் பிணைத்து இரவெல்லாம் சுற்றி மிதிக்கச் செய்யும்போது பாடப்பட்டது பொலிப்பாட்டு. களத்தில் நெல்லை நெல் என்று கூறாது பொலி என்றே கூறுவர். பெருக வேண்டும் என்னும் வேண்டுதலை அச்சொல் தாங்கி நிற்கின்றது. வைகாசித் திங்களிலே கண்ணகை அம்மன் கோயில்களிற் கதவு திறந்து சடங்கு நிகழும்போது கண்ணகி வழக்குரையும் குளுத்திப் பாடல்களும் ஓதப்படும். மழை பொய்த்த காலத்தில் மழைக்காவியம் பாடப்படும். வடசேரி, தென்சேரி என ஊர் இரு கட்சியாகப் பிரிந்து நின்று கொம்புமுறி விளையாட்டு நிகழ்த்தும்போது வசையும் வாழ்த்துமாகப் பாடல்கள் பொங்கும். கோல் கொண்டு வட்டமாக ஆடும் வசந்தனுக்கும் தனியான பாடல்கள் உண்டு. வடமோடி, தென்மோடிக் கூத்துக்களிலே அண்ணாவியார் மத்தளம் முழக்க, வட்டக்களரியிலே விடியும்வரை பாட்டும் ஆட்டமும் தொடரும். தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களின் படைப்பு. தொட்டிலில் இருந்து சுடுகாடுவரை பாட்டின் துணையின்றி அந்நாட்டு வாழ்க்கை நடந்ததில்லை.

இவற்றுள் கவிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அது தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. எழுவான்கரையிலே தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்திருப்பதைப் போலவே, கவியின் சொற்களும் இருவர் வாயிலும் மாறிமாறி வழங்கின. குடிமுறையும் சீதன வழக்கமும் இரு சாராரிடத்தும் பெரிதும் ஒத்திருந்தமையால், பிரிவின் துயரும் காத்திருப்பின் ஏக்கமும் ஒரே மொழியிலே வெளிப்பட்டன. முஸ்லிம் ஊர்களிலே காதலர் தம் உள்ளத்தைக் கவியாற் சொல்லி அனுப்பும் வழக்கமும் இருந்தது. ஒரு நல்ல கவியைக் கேட்டு அது எந்தச் சமூகத்திற் பிறந்தது என்று பிரித்துரைப்பது பல வேளைகளில் இயலாத காரியம்.

இனி, ஆக்கியோன் பெயர் ஏன் மறைந்தது என்னும் வினாவுக்கு வருவோம். மக்களுக்கு நன்றியில்லை என்று முடிவு செய்வது பிழையாகும். கவியைச் சுவைத்தவன் அதனைக் கேட்டுவிட்டு வாளா இருக்கவில்லை. மறுநாள் தன் பரணிலே அதனைப் பாடினான். பாடும்போது தன் ஊர்த் துறையின் பெயரை அதில் வைத்தான். தன் மச்சாளின் சாயலுக்கேற்ப ஓரடியை மாற்றினான். மறந்த அடிக்குப் பதிலாக மற்றோரடியைப் புனைந்தான். அவ்வாறு பத்துப்பேர் வாயிற் புகுந்து வெளிவந்த கவிக்கு ஒருவர் பெயரைச் சூட்டுவது எங்ஙனம்? சுவைஞனே புலவனாகவும், புலவனே சுவைஞனாகவும் மாறிநின்ற நிலை அது. பெயரை மறந்தது அன்பின் குறையால் நேர்ந்ததன்று. பாட்டைத் தம்முடையதாகவே ஆக்கிக்கொண்ட அன்பின் மிகுதியால் நேர்ந்தது.

ஆயினும் அவ்வன்புக்கு ஒரு காவல் இருந்தது. வயல் இருந்தது, பரண் இருந்தது, துறை இருந்தது. ஆண்டுதோறும் அதே வேலை வந்தது. வேலையோடு பாட்டும் வந்தது. நினைவூட்டுவதற்கு ஏடு வேண்டியதில்லை. வேலையே ஏடாக இருந்தது. அந்நிலை மாறும் என்பதை முன்கூட்டி உணர்ந்தோர் சிலர் எழுத்தில் இறங்கினர். தி. சதாசிவ ஐயர் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டை 1940இல் வெளியிட்டார். எஃப். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியத்தை 1962இல் பதிப்பித்தார். பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூல், அந்நாட்டின் பாட்டையும் பேச்சையும் வழிபாட்டையும் ஒருங்கே காட்டியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொண்டுவந்து, கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றைத் தயாரித்தார். இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்திலே அந்நாட்டு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து பேராசிரியராக விளங்கினார். நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் கவிகளைத் தேடித் தொகுத்தார். வானொலியும் தன் பங்குக்கு நாட்டுப்பாடல்களை ஒலிபரப்பி, மட்டக்களப்பு ஓசையை யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் கேட்கச் செய்தது.

பெயரறியாப் புலவரின் வழியிலே பெயரறிந்த புலவர் ஒருவரும் தோன்றினார். பெரியநீலாவணையிலே 1931ஆம் ஆண்டிற் பிறந்த ஆசிரியர் சின்னத்துரை, தம் ஊர்ப்பெயரையே தம் பெயராக்கி, நீலாவணன் என்ற பெயரில் எழுதினார். ஊர்மீது கொண்ட அன்பை இதனினும் சுருக்கமாக வெளிப்படுத்த இயலாது. வேளாண்மை என்னும் அவருடைய காவியம் உழவர் குடும்பம் ஒன்றின் வாழ்வை வயலின் சொற்களாலேயே கூறுவது. அவர் 1975இல் மறைந்தபின், 1982ஆம் ஆண்டிலே அது நூலாக வந்தது. வயற்சொற்கள் பல இன்று இளைஞர்க்கு அந்நூலின் வாயிலாகவே அறிமுகமாகின்றன. நாட்டார் கவியின் சொல்வளம் எழுத்துக் கவிதையிலும் வேரூன்ற வல்லது என்பதற்கு அவர் ஒரு சான்று.

ஆனால் இவ்வளவும் நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே நிலம் மாறியது. எருமை மிதித்த களத்துக்கு உழவு இயந்திரம் வந்தது. பின்னர் அறுப்பையும் சூடடிப்பையும் ஒருங்கே செய்யும் பெரிய இயந்திரம் வந்தது. பல இரவுகள் நீண்ட வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. இயந்திரத்தின் இரைச்சலிலே பாடுவார் யார்? பாடினாலும் கேட்பார் யார்? மண்முனைத் துறையிலே தோணிக்காகக் காத்து நின்ற காலம், 2014இல் பாலம் திறக்கப்பட்டதோடு முடிந்தது. நோயாளியும் மாணவரும் விரைவிற் கடந்துசெல்வது பெரும் நன்மையே. உழவனின் முதுகு வளையாதிருப்பதும் நன்மையே. துயரை நீக்கிய மாற்றங்களைப் பாட்டுக்காகப் பழிப்பது அறமாகாது. எனினும் காத்திருத்தல் இல்லாத துறையிலே காத்திருப்பின் கவி பிறவாது என்பதும் உண்மையே.

இயந்திரத்தினும் கொடியது போர். 1983 முதல் 2009 வரையும் நீடித்த போர்க்காலத்திலே இரவுக்காவல் என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. இரவிலே குரலெடுத்துப் பாடுவது அச்சத்துக்குரியதாயிற்று. 1985ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் தமிழ், முஸ்லிம் சமூகங்களுக்கிடையே நிகழ்ந்த கொடுமைகள் ஒரே கவியைப் பாடிய ஊர்களைப் பிரித்தன. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த கடல்கோள் எழுவான்கரை ஊர்களைச் சூறையாடியபோது, முதியோர் பலரும் அவர் நெஞ்சில் இருந்த பாடல்களும் ஒருங்கே மறைந்தனர்.

இந்நிலையிலே இன்று எஞ்சியிருப்பது யாது? அச்சிட்ட சொற்கள் எஞ்சியுள்ளன. பாடல்மீது மக்கள் கொண்ட அன்பும் குறையவில்லை. திருமண வீட்டிலும் பள்ளி விழாவிலும் ஒரு கவியை யாரேனும் எடுத்துப் பாடினால், பேச்சு அடங்கி அவை கேட்கின்றது. வெளிநாட்டிலே குடியேறியவர் தொலைபேசியிற் பதிந்த ஒரு கவியைக் கேட்டு ஊரை நினைந்து உருகுகின்றனர். ஆனால் வேலையாகிய ஏடு மூடப்பட்டுவிட்டது. இனி அன்பு தானாகவே பாட்டைக் காக்கமாட்டாது. அன்புடையோர் முயன்று காத்தல் வேண்டும்.

அம்முயற்சி அரிதன்று. முதற் தொகுப்பாளர் அவசரத்திலே காக்க விரும்பியது சொற்களை. அவை மறைந்துவிடும் என்று அஞ்சினர். இன்று சொல்லோடு நான்கு செய்திகளையும் குறித்தல் தகும். பாடியவர் யார், எந்த ஊர், எந்த வேலையின்போது, எந்த ஓசையில் என்பனவே அவை. ஓசையை எழுத்தாற் பிடிக்க இயலாது. ஆனால் பதிவுக்கருவி இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. மாணவன் ஒருவன் தன் பாட்டியிடம் அமர்ந்து ஒரு தாலாட்டைப் பதிந்து, அவர் பெயரையும் ஊரையும் உடன் எழுதுவானாயின், அந்த மூதாட்டி முதன்முறையாகப் பெயருள்ள புலவராகின்றார். தமிழூர் மாணவரும் முஸ்லிம் ஊர் மாணவரும் தாம் திரட்டியவற்றை ஒருங்கே வைத்து ஒப்பிடுவாராயின், பாட்டனார் காலத்திலே இரண்டு ஊரும் ஒரே கவியைப் பாடிய உண்மையைத் தாமே கண்டுகொள்வர். அதனினும் நல்ல பாடம் எந்நூலில் உண்டு?

பெயர் எழுதினால் நாட்டுப்பாடலின் பொதுமை கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் வேண்டுவதில்லை. பேர்ன்ஸின் பெயரை அறிந்தமையால் அவர் நாட்டார் பாடல்களைத் தம்முடையன அல்ல என்று எண்ணவில்லை. நீலாவணன் பெயரை அறிந்தமையால் வேளாண்மையின் வயல் பிறருடையதாகிவிடவில்லை. பாட்டு எல்லோர்க்கும் உரியது. நன்றி பாடியவர்க்கு உரியது. இரண்டையும் ஒருங்கே வைத்தல் இயலும்.

வாவியின் மீனிசையைக் கேட்க விரும்புவோன் துடுப்பு வலிப்பதை நிறுத்தி, தோணியை நிலைப்படுத்தி, தலையைத் தாழ்த்திக் காதைக் கொடுத்தல் வேண்டும் என்பர் அந்நாட்டு முதியோர். வீட்டுத் திண்ணையிலே அமர்ந்திருக்கும் முதியவரின் குரலுக்கும் அத்துணைப் பொறுமையே வேண்டும். கேட்போர் சிறிது தாழ்ந்து காது கொடுப்பாராயின், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்னும் பாடுவோர் உளர்.